ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க

சிங்கப்பூர்ல, சுவா சூ காங்குல நாங்க இருந்த புளோக்குல, லிப்ட்டுக்குள்ள லாத்தா நின்னாங்கன்னா யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க. அவ்வளவு பயம். விஷயம் தெரியாம புதுசாக் குடி வந்த ஒரு பொண்ணு, ஒருநாள் போன்ல யார்கிட்டயோ, "அந்த டிரஸ் பிரட்டி அக்ளி லா"ன்னு சொல்லித் தொலைச்சிடுச்சு. பாவம், அது அதோட சிநேகிதிகிட்டப் பேசுது. லாத்தா அது தோளைத் தட்டி, "ஏம்மா, அழகா இருந்துச்சா, அசிங்கமா இருந்துச்சா? ரெண்டுல ஒண்ணு சொல்லும்மா"ன்னாங்க. எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. அந்தப் பொண்ணு பேய் முழி முழிச்சுட்டு, லிப்ட் திறந்ததும் அது வீடே இல்லாத மாடியில இறங்கிப் போயிடுச்சு.

"என்ன லாத்தா, யாரு எவருன்னு தெரியாத பொண்ணுகிட்ட?"ன்னு கேட்டா, "பாவம் அந்த டிரஸ்ஸு, அழகா இல்லையான்னு அதுக்கே தெரியாம தொங்குது"ன்னு பதில் வருது. இவங்களை என்ன செய்யறது, சொல்லுங்க.

எங்க வீட்டுக்கு ரெண்டு வீடு தள்ளி இருந்தாங்க. தமிழ் முஸ்லிம். அக்காவை அவங்க வீட்டுல லாத்தான்னுதான் கூப்பிடுவாங்களாம், அதனால புளோக்கு முழுக்க லாத்தாதான். கீழ் மாடிச் சீன அங்கிள் அதுதான் அவங்க பேருன்னு நினைச்சு 'லதா, லதா'ன்னு கூப்பிடுவார், அவங்களும் திரும்பிப் பார்ப்பாங்க. நிஜப் பேரு எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன், சொன்னா செங்காங்கிலேர்ந்து ரயிலேறி வந்து சண்டை போடுவாங்க. இப்ப அங்கதான் மகன் வீட்டோட இருக்காங்க.

ரிட்டையர் ஆகிற வரைக்கும் ஒரு வக்கீல் ஆபீஸ்ல டைப்பிஸ்ட்டு. அங்க ஒரு வார்த்தை ரெண்டு பக்கமும் சாஞ்சா கேஸே கவுந்திடுமாம். ஆபீஸை விட்டு வந்தாங்களே தவிர அந்தப் புத்தி விடல. ஒரு கவுண்டர்ல போய் நின்னோம். உள்ள இருந்த தம்பி ரொம்ப மரியாதையா, "ஆன்ட்டி, ஒரிஜினல் காப்பி கொண்டு வாங்க"ன்னான். லாத்தா நாற்காலியை இழுத்துப் போட்டு நல்லா உட்கார்ந்துட்டாங்க. "அசல்னா அசல்னு சொல்லு. நகல்னா நகல்னு சொல்லு. ரெண்டும் ஒரே காகிதமா எப்படிப்பா இருக்கும்?" அவன், "ஒரிஜினல் காப்பி லா ஆன்ட்டி"ன்னு திரும்பச் சொல்றான். இவங்க திரும்பக் கேக்குறாங்க. எங்களுக்குப் பின்னால வரிசை வாசல் வரைக்கும் போயிடுச்சு. மானம் போகுதேன்னு நான் சுவத்துல இருந்த டெங்கி போஸ்டரைப் படிக்கிற மாதிரி திரும்பி நின்னுக்கிட்டேன். கடைசியில அவன், "அசல்"னு ஒரே வார்த்தை சொன்னான். பையைத் திறந்து எடுத்து நீட்டினாங்க. முதல்லேர்ந்தே பையிலதான் இருந்துச்சு அது!

இந்தக் கூத்தையெல்லாம் ரொம்ப ரசிச்ச ஒரே ஆள் எங்க அம்மா. அம்மா கல்யாணமாகி ஊர்லேர்ந்து வந்தவங்க. தேக்கா மார்க்கெட்ல மீன்காரர்கிட்ட மலாய்ல பேரம் பேசிடுவாங்க, இங்கிலீஷ் மட்டும் வராது. வராதுன்னுதான் நானும் தம்பியும் நினைச்சுக்கிட்டிருந்தோம். தினம் காலையில லாத்தா வீட்டு அடுப்படியில உட்கார்ந்து ரெண்டு பேரும் இக்கான் பிலிஸுக்குத் தலை கிள்ளுவாங்க. அந்தச் சின்னக் கருவாட்டு மீன் கிள்ளி முடியறதுக்குள்ள, நேத்து யார் யார் இங்கிலீஷ்ல எதைத் தப்பாச் சொன்னாங்கன்னு லாத்தா பஞ்சாயத்தையே முடிச்சிடுவாங்க. "ஸ்மால் கிரவுட்டாம் அக்கா. கூட்டம்னா பெருசுதானே? சின்னதா இருந்தா அதை ஏன் கூட்டம்ங்கிறான்?" அம்மா, "ஆமாண்டி"ன்னு சிரிப்பாங்க.

ஒரு தீபாவளிக்கு மூணு பேரும் தேக்காவுக்குத் திரைச்சீலை வாங்கப் போனோம். கடைக்காரர் ஒரு மாம்பழக் கலரைக் காட்டி, "இந்த சைஸ்ல இதுதான் ஒன்லி சாய்ஸ்"னார். போச்சுடான்னு நான் கண்ணை மூடிக்கிட்டேன். லாத்தா துணியை மடிச்சு அவர்கிட்டயே குடுத்துட்டு, "சாய்ஸ்னா குறைஞ்சது ரெண்டு வேணும். ஒண்ணுதான் இருக்குன்னா வேற வழி இல்லைன்னு நேராச் சொல்லுங்க"ன்னாங்க. அந்த மனுஷன் கையெடுத்துக் கும்பிட்டு, "வேற வழி இல்ல லாத்தா, வாங்கிக்குங்க"ன்னார். வாங்கிட்டோம். அம்மா பஸ்ல வீடு வந்து சேர்ற வரைக்கும் சிரிச்சாங்க. பிறகு எங்க வீட்டுல ரசம் மட்டும் வைக்கிற நாளெல்லாம், "இன்னைக்கு ஒன்லி சாய்ஸ்தான், வாய மூடிட்டுச் சாப்பிடுங்க"ன்னு ஆகிப்போச்சு.

இதெல்லாம் சிரிக்கிற விஷயம். சிரிக்க முடியாததும் ஒண்ணு நடந்துச்சு. எங்க மாடியிலயே ஒரு வீட்டுப் பொண்ணுக்கு நிச்சயம் பண்ணின கல்யாணம் நின்னுடுச்சு. எல்லாருக்கும் தெரியும், அந்தப் பொண்ணோட அம்மா எதிர்ல மட்டும் யாருக்கும் தெரியாது. நாங்களும் பார்க்குறப்பல்லாம் "புடவை எடுத்தாச்சா?"ன்னு கேட்போம், அவங்களும் "எடுக்கணும்"பாங்க. ஒரு சாயங்காலம் தாழ்வாரத்துல பக்கத்து வீட்டுக்காரி என்கிட்ட, "அது ஓப்பன் சீக்ரெட் லா"ன்னு கிசுகிசுத்தாள். லாத்தா காதுல விழுந்துடுச்சு. "ஓப்பன்னா எல்லாருக்கும் தெரியும். சீக்ரெட்னா யாருக்கும் தெரியாது. ரெண்டுல எது?"ன்னு கணீர்னு கேட்டாங்க. திரும்பிப் பார்த்தா, அந்த அம்மாவே காய்கறிப் பையோட பின்னால நிக்கிறாங்க!

அந்த அம்மா செருப்பு ஸ்டாண்டைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே அழுதாங்க. லாத்தா பையை வாங்கிக்கிட்டு, "வாங்க, டீ போடறேன்"னு உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க. ஒரு மன்னிப்பு? ம்ஹூம். ஒரு வாரம் நான் அவங்க முகத்தைப் பார்க்கல. ஆனா அந்த அம்மா அதுக்கப்புறம் தினம் சாயங்காலம் அங்கதான் இருந்தாங்க. வெட்கமே இல்லாம எப்படிப் போறாங்கன்னு எனக்கு ஆச்சரியமான ஆச்சரியம்.

இப்படிப்பட்ட ஆளு பக்கத்துல இருக்குறப்பதான் எங்க அம்மாவுக்கு வந்துச்சு.

வயித்து வலின்னு கூட்டிட்டுப் போனோம். ஸ்கேன் எடுத்தாங்க. ஒரு இளவயசு டாக்டர், ரொம்பத் தன்மையான பொண்ணு, கட்டில் பக்கத்துல நின்னு என்கிட்டயும் தம்பிகிட்டயும் இங்கிலீஷ்ல சொன்னாங்க. கல்லீரல் முழுக்கப் பரவிடுச்சாம். இந்த நிலைமையில வலி இல்லாம வச்சுக்கிறதுதான் ஒன்லி சாய்ஸாம். அம்மா என் முகத்தையே பார்த்துக்கிட்டிருந்தாங்க. "என்னடி சொல்றாங்க?"

"குடல்ல புண்ணாம்மா. மருந்து சாப்பிட்டா ஆறிடும்"னேன்.

தப்புன்னு யாராச்சும் சொல்ல வந்தீங்கன்னா வராதீங்க. நம்ம ஆளுங்க வீட்டுல எந்த வீட்டுல மூஞ்சிக்கு நேரா அந்த வார்த்தையைச் சொல்லியிருக்காங்க? எங்க அப்பாவுக்கும் சொல்லல, பெரியப்பாவுக்கும் சொல்லல. சொன்னா பயத்துலயே போயிடுவாங்கன்னுதான் எல்லாரும் நினைக்கிறோம். டாக்டர், "அவங்களுக்குச் சொல்லிட்டீங்களா?"ன்னு கேட்டாங்க. நான் ஆமான்னு தலையை ஆட்டினேன். தம்பி, சும்மா விட முடியாது, எதையாச்சும் முயற்சி பண்ணியே ஆகணும்னு பிடிவாதம் பிடிச்சான். கொஞ்சம் கீமோ குடுத்துப் பார்க்கலாம், குணமாகாது, உங்க அம்மாவையே கேளுங்கன்னாங்க டாக்டர். நான் கேட்டேன். "அம்மா, சத்து ட்ரிப் ஏத்தினா தெம்பு வருமாம், ஏத்திக்கலாமா?" அம்மா, "சரிம்மா"ன்னாங்க.

அம்மாவைப் பார்க்க வர்ற சொந்தக்காரங்க அத்தனை பேருக்கும் தம்பி முன்கூட்டியே போன் போட்டுப் பாடம் எடுத்துட்டான். மிச்சம் இருந்தது லாத்தா. வாசல்ல அவங்களை மடக்கி விஷயத்தைச் சொன்னோம். "அம்மாவுக்குத் தெரியக்கூடாது. லாத்தா, ப்ளீஸ், ஆக்ட் நேச்சுரல் லா"ன்னான் தம்பி.

ஏண்டா இந்த நேரத்துல இந்த வார்த்தையைச் சொன்னேன்னு எனக்கு அவன் கழுத்தை நெறிக்கணும்போல இருந்துச்சு. லாத்தா அவன் பக்கம் திரும்பினாங்க. "நடிக்கவா, இயல்பா இருக்கவா? ரெண்டுல ஒண்ணு சொல்லு தம்பி."

தம்பிக்குக் கண்ணு கலங்கிடுச்சு. "நடிங்க லாத்தா"ன்னான்.

"சரி"ன்னாங்க. உள்ள போனாங்க. எந்த நிமிஷம் என்ன வெடிக்கப் போகுதோன்னு நான் கதவுக்குப் பின்னாலயே நின்னேன். உள்ளேயிருந்து சத்தம் வருது: "என்னக்கா, குடல்ல புண்ணாமே? எல்லாம் அந்த மிளகாய்ச் சம்பால்தான், சொன்னா கேட்டாத்தானே?" அம்மா சிரிக்கிறாங்க. அல்லா சாட்சியா பொய்யே சொல்ல மாட்டேன்னு நிக்கிற மனுஷி, நாடகத்துல மெடல் வாங்கினவங்க மாதிரி பேசுறாங்க!

அதுக்கப்புறம் ஒண்ணு கவனிச்சேன். லாத்தா யாரையும் திருத்தறதை விட்டுட்டாங்க. காப்பிக் கடையில ஒரு ஆள் பக்கத்து மேசையிலேர்ந்து, "டெரிப்ளி குட் லா இந்த மீ கோரெங்"னு கத்துறான். பயங்கரமா, நல்லாவான்னு கேக்க வேணாமா? குனிஞ்ச தலை நிமிரல. டீயைக் கலக்கிக்கிட்டே இருந்தாங்க. உடம்பு சரியில்லையான்னு கேட்டேன். "இல்ல புள்ள, வாய் வலிக்குது"ன்னாங்க.

அம்மாவுக்கு நிஜமாவே வாய் வலிச்சுச்சு. ஒவ்வொரு ட்ரிப்புக்கு அப்புறமும் வாயெல்லாம் புண்ணு. தண்ணி இறங்காது, இறங்கினாலும் தங்காது. ராணி மாதிரி இருந்த மனுஷி ஒரு பக்கெட்டைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுக் கிடந்தாங்க. நிறுத்திடலாமான்னு தம்பியைக் கேட்டேன். "திடீர்னு நிறுத்தினா அம்மாவுக்குச் சந்தேகம் வந்துடும்க்கா"ன்னான். அதுவும் சரிதானேன்னு பட்டுச்சு. அதனால, "இன்னும் ஒரு ட்ரிப்தாம்மா, தெம்பு வந்துடும்"னு சொல்லிச் சொல்லிக் கூட்டிட்டுப் போனோம். அம்மாவும் ஒரு தடவைகூட மாட்டேன்னு சொல்லல. புடவை மாத்தி, பொட்டு வச்சு, நல்ல பிள்ளையா வந்தாங்க.

அன்னைக்குக் காலையிலயும் அப்படித்தான். அம்மாவைச் சக்கர நாற்காலியில வச்சுத் தம்பி தள்ளிட்டு வந்தான். நான் கையில பக்கெட்டோட லிப்ட் பட்டனை அமுக்கினேன். லாத்தா வீட்டுக் கதவு திறந்துச்சு. வெறுங்காலோட ஓடி வந்தாங்க. தலையை மறைக்கிற தூடோங்கூட சரியாப் போடல. அவங்களை அப்படி நான் பார்த்ததே இல்ல. லிப்ட்டுக்குக் குறுக்க நின்னு ரெண்டு கையையும் விரிச்சுட்டாங்க.

"போகக்கூடாது."

"லாத்தா, நேரமாகுது, நகருங்க." தம்பி குரல்ல சூடு ஏறிடுச்சு.

"நேத்து ராத்திரி முழுக்க சன்னல் வழியா இவங்க வாந்தி எடுக்குற சத்தம் கேக்குது. யா அல்லாஹ், என்னால முடியல. ரெண்டு பக்கமும் என்கிட்ட சத்தியம் வாங்கி வச்சிருக்கீங்க. இந்தப் பாவம் என்னோட போகட்டும்." அம்மா பக்கம் திரும்பினாங்க. "அக்கா, உங்க வியாதி என்னன்னு இந்தப் புள்ளைங்களுக்கு முதல் நாள்லேர்ந்தே தெரியும். நீங்க பயந்துடுவீங்கன்னுதான் சத்து ட்ரிப்னு சொல்லிக் கூட்டிட்டுப் போகுதுங்க."

நான் பக்கெட்டைக் கீழ போட்டுட்டேன். "லாத்தா!"ன்னு கத்தினேன். அடிக்கக்கூடப் போயிருப்பேன், சத்தியமா.

அவங்க என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. "உங்க அம்மாவுக்கும் தெரியும்டி. ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த மறுநாளே என் அடுப்படிக்கு வந்து கேட்டாங்க. 'ஒன்லி சாய்ஸ்னா வேற வழி இல்லைன்னுதானே சொன்னே? டாக்டர் அதைத்தான் சொன்னாங்க'ன்னு. புள்ளைங்க தாங்காதுங்க, தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதேன்னு என் தலையில அடிச்சுச் சத்தியம் வாங்கிட்டாங்க. நீங்க ட்ரிப்னு சொல்றீங்களேன்னு இவங்க வர்றாங்க. இவங்களுக்குத் தெரிஞ்சிடுமேன்னு நீங்க கூட்டிட்டுப் போறீங்க. ரெண்டு பேருக்கும் வேணாத ஒண்ணுக்கு இந்த உடம்பு ஏன் படணும்?"

லிப்ட் வந்து திறந்துச்சு. உள்ள யாரோ எங்களைப் பார்த்தாங்க, மூடிக்கிச்சு, போயிடுச்சு. தம்பி நாற்காலியோட கைப்பிடியைப் பிடிச்சபடி சிலையா நிக்கிறான். அந்தத் திரைச்சீலைக் கடை, ரசச் சோறு, அம்மா சிரிச்ச சிரிப்பு எல்லாம் ஒரே நேரத்துல என் மண்டையில இறங்குது. இங்கிலீஷ் தெரியாதுன்னு நினைச்சு அம்மா தலைக்கு மேலேயே அத்தனையும் பேசியிருக்கோமே!

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாங்க. அழல. சின்னப் பிள்ளை லீவு கேக்குற மாதிரி கேட்டாங்க.

"அப்ப நான் வீட்டுக்குள்ள போகலாமாம்மா?"

கடவுளே. அந்தக் கேள்விக்கு இன்னைக்கு வரைக்கும் என் நெஞ்சு ஆறல. நான் அந்தத் தாழ்வாரத்துலயே உட்கார்ந்து அவங்க காலைக் கட்டிக்கிட்டேன். தம்பி நாற்காலியைத் திருப்பினான்.

அதுக்கப்புறம் ட்ரிப் இல்ல. வலிக்கு மட்டும் மருந்து குடுக்க ஒரு நர்ஸ் வீட்டுக்கு வந்தாங்க. வாய்ப்புண் ஆறி, அம்மா கொஞ்சம் ரசம் குடிச்சாங்க. எந்தப் புடவை யாருக்குன்னு அவங்களே சொன்னாங்க. தம்பியைப் பக்கத்துல படுக்க வச்சுக்கிட்டு, அவன் தலையைத் தடவிக்கிட்டே, அப்பா செத்தப்ப தான் என்ன நினைச்சேன்னு சொன்னாங்க. அதையெல்லாம் நாங்க அதுக்கு முன்னால கேட்டதே இல்ல.

லாத்தாகிட்ட மட்டும் அம்மா பேசல. சத்தியத்தை உடைச்சுட்டாளாம்! தினம் காலையில லாத்தா இக்கான் பிலிஸ் தட்டோட வந்து கட்டில் பக்கத்துல உட்கார்ந்து தனியா கிள்ளிக்கிட்டிருப்பாங்க, அம்மா சுவத்தைப் பார்த்துத் திரும்பிப் படுத்துப்பாங்க. நாலாம் நாளோ என்னவோ, லாத்தாவால பொறுக்க முடியல. "என் மேல கோபமா இருக்கீங்களா, சந்தோஷமா இருக்கீங்களா அக்கா? ரெண்டுல ஒண்ணு சொல்லிடுங்க, நான் எழுந்து போயிடறேன்."

அம்மா மெதுவாத் திரும்பினாங்க. தட்டுலேர்ந்து ஒரு மீனை எடுத்துத் தலையைக் கிள்ளினாங்க. "ரெண்டும்தாண்டி. வேலையைப் பாரு."

லாத்தா வாய் திறந்தபடியே இருந்துச்சு. எத்தனை பேர் வாயை அடைச்சவங்க அவங்க! குனிஞ்சு கிள்ள ஆரம்பிச்சாங்க, கண்ணுத் தண்ணி தட்டுல விழுந்துச்சு. அம்மா, "உப்பு ஏற்கெனவே இருக்குடி"ன்னாங்க.

அம்மா ஒரு மத்தியானம் தூக்கத்துலயே போயிட்டாங்க. மண்டாய் மயானத்துல காரியத்தை முடிச்சுட்டு வந்தோம். வந்தவங்கல்லாம் போனப்புறம் லாத்தா வந்து என் பக்கத்துல உட்கார்ந்தாங்க. மாம்பழக் கலர் திரைச்சீலை காத்துல ஆடிக்கிட்டிருந்துச்சு.

"எப்படி இருக்கே புள்ள?"

"நிம்மதியா இருக்கு லாத்தா"ன்னேன். அடுத்த மூச்சுலயே, "உயிரே போகுது லாத்தா"ன்னேன்.

அவங்க ஒண்ணும் கேக்கல. என் முதுகைத் தடவிக்கிட்டே இருந்தாங்க. எனக்கு ஏனோ கோபம் பொத்துக்கிட்டு வந்துச்சு. ஊர்ல இருக்குற எல்லாரையும் மடக்கி மடக்கிக் கேக்குறாங்க, என்னைக் கேக்க மாட்டாங்களாமா?

"கேளுங்க லாத்தா. ரெண்டுல எதுன்னு கேளுங்க."

"எதுக்கு?"ன்னாங்க. "உங்க அம்மாதான் பதில் சொல்லிட்டுப் போயிட்டாங்களே."